பண்டாரவளைக் கற்கருவி, லங்காதிலகத் தமிழ்ச் சாசனம்: மூலக் கட்டுரைகள் ஒன்லைனில் எங்கே?

பண்டாரவளை மாணவி:
உயர்தர வரலாற்றுச் செயற்திட்டத்துக்கு இந்த இரண்டும் தேவை. தமிழில் தேடினாலும் ஆங்கிலத்தில் தேடினாலும் சுற்றுலாப் பதிவும் வீடியோவும்தான் வருது. போன்தான் இருக்கு, டேட்டாவும் குறைவு. தெரிந்தவங்க வழி சொல்லுங்க.

ஊவா வாசகர்:
தங்கச்சி, தேடுற சொல்லை மாத்துங்க. இப்ப 'மைக்ரோலித்' (சின்னக் கற்கருவி) என்கிறதை, பண்டாரவளைக் கருவிகளைப் பற்றி 1914இல் கட்டுரை எழுதிய ஹார்ட்லி 'பிக்மி இம்பிளிமென்ட்ஸ்' என்றுதான் எழுதினார். நாட்டுப் பெயரும் 1972 வரை 'சிலோன்'. பழைய கட்டுரைக்கு 'ஸ்ரீலங்கா' என்று போட்டால் அகப்படாது.

அந்தக் கட்டுரை கொழும்பு அருங்காட்சியக இதழான 'ஸ்பொலியா ஸெய்லானிக்கா'வின் (Spolia Zeylanica) 10ஆம் தொகுதியில், 54ஆம் பக்கத்திலிருந்து 67 வரை இருக்கு. அந்த இதழில் பூச்சி, பாம்பு, பறவை பற்றித்தான் அதிகம் வரும். அதனால 'பயோடைவர்சிட்டி ஹெரிட்டேஜ் லைப்ரரி' தளத்தில் பாருங்க. தொல்லியல் தளங்களில் தேடி நேரம் போக்காதீங்க. இதழ் பெயரை ஆங்கிலத்தில் போட்டு, தொகுதியைத் திறந்து, அந்த 14 பக்கத்தை மட்டும் தெரிவு செய்து பிடிஎப் எடுங்க. முழுத் தொகுதியை இறக்கினால் டேட்டா தீர்ந்திடும்.

கம்பளை ஆசிரியர்:
லங்காதிலக விகாரைச் சாசனத்தை (கல்வெட்டை) தொல்லியலாளர் பரணவிதான 1960இல் 'யுனிவர்சிட்டி ஒப் சிலோன் ரிவியூ' 18ஆம் தொகுதியில் பதிப்பித்தார். சிங்களச் சாசனமும் தமிழ்ச் சாசனமும் ஒரே கட்டுரையில் இருக்கு. பேராதனைப் பல்கலைக்கழக டிஜிட்டல் நூலகத்தில் இலவசம். ஆங்கிலத்தில் 'லங்காதிலக' என்று முழுச்சொல்லாகப் போட்டும் வரவில்லை என்றால் 'திலக' மட்டும் போடுங்க. எழுத்துக்கு மேலே கீழே குறியிட்டு அச்சான சொற்களை ஸ்கேன் மென்பொருள் பிழையாக வாசிக்கும், சொல் நடுவில் உடைஞ்சிடும்.

சாசனத்தில் சக ஆண்டு 1266 என்று இருக்கும். 78ஐக் கூட்டி 1344 என்று எழுதுங்க. அது கம்பளை அரசன் நாலாம் புவனேகபாகுவின் காலம்.

பண்டாரவளை மாணவி:
ரெண்டும் கிடைச்சிட்டு, நன்றி சேர். தமிழில் வாசிக்க ஏதும் இருக்கா? ஒரு பழைய இதழ் பிடிஎப்பில் இருந்து கொப்பி பண்ணினா வெறும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமா விழுது.

ஊவா வாசகர்:
பைல் பழுதில்லை, அது யூனிகோட் இல்லாத பழைய தமிழ் எழுத்துரு, பாமினி. 'பாமினி யூனிகோட்' மாற்றி என்று தேடி அதில் ஒட்டினால் தமிழாகிடும். மாற்றின பிறகு ஒருதரம் கட்டாயம் வாசிங்க: பாமினியில் காற்புள்ளிக் குறிதான் 'இ' எழுத்து, அதனால் காற்புள்ளி வரவேண்டிய இடத்தில் சில நேரம் 'இ' நிற்கும். அரசர் பெயர் வரிசையாக வரும் இடத்தில் இது பெயரையே கெடுத்துடும்.

தமிழ் நூல்களுக்கு 'நூலகம்' (noolaham.org) என்ற இணையத்தளம்தான். பல நூல் படமாக ஸ்கேன் செய்ததால் உள்ளே இருக்கிற வரி கூகிளுக்குத் தெரியாது. தளத்துக்குள்ளேயே ஆசிரியர் பெயரால் தேடுங்க. வரலாற்றாசிரியர்கள் பத்மநாதன், இந்திரபாலா இருவரிலும் தொடங்கலாம்.

கம்பளை ஆசிரியர்:
இன்னொன்று, மகள். கற்கருவி தேடும்போது பாகியன்லென குகை பற்றி 2019, 2020இல் வந்த ஆய்வுகள் முதலில் வரும். தரமான கட்டுரைகள், இலவசமாகவும் வாசிக்கலாம். ஆனால் அந்தக் குகை களுத்துறை மாவட்டத்தில், தாழ்நில மழைக்காட்டில் இருக்கு. அங்கே கிடைத்த 48,000 ஆண்டு என்ற காலக்கணிப்பை பண்டாரவளைக் கருவிகளுக்கு ஏற்றி எழுதாதீங்க. குன்றின் மேற்பரப்பில் பொறுக்கிய கல் என்றால், அதன் காலத்தைக் கணிக்க உதவும் கரி பக்கத்தில் பொதுவாக இராது. அதுக்கு மூடிய மண்படை வேணும்.