லண்டன் அலவன்ஸா, மான்செஸ்டர் வாடகையா?

கோடம்பாக்கத்தான்:
வணக்கம். என் மனைவிக்கு இங்கிலாந்து அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்.ஸில் பேண்ட் 5 (சம்பளப் படிநிலை) நர்ஸ் வேலை ரெண்டு இடத்துல கிடைச்சிருக்கு: லண்டன் டூட்டிங், மான்செஸ்டர் வித்தன்ஷா. எனக்கு சாஃப்ட்வேர் டெஸ்டிங்ல பத்து வருஷ அனுபவம், டிபெண்டன்ட் விசாவில் வந்து வேலை தேடணும். மகளுக்கு எட்டு வயசு. சொந்தக்காரங்க எல்லாரும் லண்டன்தான்னு அடிச்சுச் சொல்றாங்க. நீங்க என்ன சொல்றீங்க?

மழையூர்வாசி:
மான்செஸ்டர் சார். லண்டன்காரங்க உள் லண்டன்ல வேலை செய்யற என்.எச்.எஸ். ஆளுங்களுக்குச் சம்பளத்தோட 20 சதவீதம் கூடுதல் அலவன்ஸ்னு ஆசை காட்டுவாங்க. கணக்கைப் பாருங்க. 2025-26ல் பேண்ட் 5 தொடக்கச் சம்பளம் 31,049 பவுண்டு. அதுல 20 சதவீதம் ஏறக்குறைய 6,200. வருமான வரி 20, நேஷனல் இன்சூரன்ஸ் 8, அப்புறம் பென்ஷன். எல்லாம் பிடிச்சது போக மாசம் முந்நூற்றைம்பதுக்குக் கீழேதான் கைக்கு வரும். ரெண்டு பெட்ரூம் வீட்டு வாடகையில டூட்டிங்குக்கும் இங்கேக்கும் உள்ள வித்தியாசம் அதைப்போல ரெண்டு மடங்கு. வீட்டுக்காரர் பையில் போடவா அலவன்ஸ்?

தேம்ஸ்கரை:
ஒரே சம்பளத்தை வச்சு முழுக் குடும்பத்துக்கும் கணக்குப் போட்டுட்டார் நண்பர். கேள்வி கேட்டவரும் வேலைக்குப் போகப் போறார்ங்கறது நினைவிருக்கா? வங்கி, இன்சூரன்ஸ், அரசுத்துறை கான்ட்ராக்ட் என்று டெஸ்டிங் வேலை குவிஞ்சு கிடக்கிறது லண்டனில். ஒரு கம்பெனி ஆள் குறைச்சா நாலு ஸ்டேஷன் தள்ளி இன்னொண்ணு. மான்செஸ்டர்ல வேலை போனா ரயிலைப் பிடிச்சு லண்டன் யூஸ்டன் ஸ்டேஷனுக்கு வரணும், ஒரு வழிக்கே ரெண்டு மணி நேரத்துக்கு மேல. வேகமா வர்றதுக்குத் திட்டம் போட்ட ஹெச்.எஸ்.2 அதிவேக ரயில் பாதையின் வடக்குப் பகுதியையும் 2023 அக்டோபரில் அப்போதைய பிரதமர் சுனக் ரத்து பண்ணிட்டார். அதையும் மான்செஸ்டர் மேடையிலேயே நின்னு அறிவிச்சார், பாவம்!

மழையூர்வாசி:
எந்தக் காலத்துல இருக்கீங்க? பாதி டெஸ்டிங் வேலை வாரம் ரெண்டு நாள் ஆபீஸ், மிச்சம் வீட்டிலிருந்துதான். மான்செஸ்டரை ஒட்டின சால்ஃபோர்டு மீடியாசிட்டியில 2011லேயே பி.பி.சி. வந்தாச்சு. வங்கிகளுக்கும் இங்கே பெரிய ஆபீஸ் இருக்கு.

வெம்பிளி அண்ணை:
நான் வெம்பிளியிலதான் கனகாலம். தம்பிமார் ரெண்டு பேரும் காசைப் பற்றியே கதைக்கிறியள். அந்தப் பிள்ளை பன்னிரண்டரை மணித்தியால ஷிப்டுக்குப் போனால் மகளை ஆர் பள்ளிக்கூடத்தால கூட்டிக்கொண்டு வாறது? டூட்டிங்கில தமிழ்க் கடை இருக்கு, கோயில் இருக்கு, அவசரத்துக்குப் பிள்ளையைப் பார்க்க ஒரு தமிழ்க் குடும்பமும் அம்பிடும். அதுக்கு எந்தச் சம்பளச் சீட்டிலயும் கணக்கு வராது.

மழையூர்வாசி:
அண்ணை, இங்கேயும் தமிழர் இருக்கிறார்கள், தோசை மாவும் கிடைக்குது. ஆனா நீங்க சொன்ன அந்த அடர்த்தி இங்கே கிடையாது, அது உண்மைதான். என் பாயிண்ட் பள்ளிக்கூடம். வித்தன்ஷாவுக்குப் பக்கத்திலேயே டிராஃபர்டு. நுழைவுத் தேர்வு வச்சுப் பிள்ளைகளைச் சேர்க்கிற அரசு கிராமர் ஸ்கூல் இன்னும் இருக்கிற கவுன்சில் அது: ஆல்ட்ரிங்கம், சேல், ஸ்ட்ரெட்ஃபோர்டு, அர்ம்ஸ்டன். மகளுக்கு எட்டு வயசுன்னா அந்தத் தேர்வு, லெவன் பிளஸ், எழுத ரெண்டே வருஷம்தான்.

தேம்ஸ்கரை:
டூட்டிங்குக்குக் கீழே சட்டன் இருக்கே! நான்சச், வாலிங்டன் ரெண்டும் பொண்ணுங்க கிராமர் ஸ்கூல்தான்.

மழையூர்வாசி:
இருக்கு. பாதி லண்டன் பிள்ளைகளும் அங்கேதான் பரீட்சை எழுதுது.

கோடம்பாக்கத்தான்:
மழை எப்படி? அப்புறம், இங்கிலாந்தில் கிரெடிட் ஹிஸ்டரி இல்லாத எங்களுக்கு ஆறு மாச வாடகையை முன்கூட்டிக் கேட்பாங்கன்னு பயமுறுத்துறாங்களே?

மழையூர்வாசி:
அளவுல பார்த்தா மான்செஸ்டர் மழை சென்னையைவிடக் குறைவு. ஆனா பெய்யற மாதிரியும் இருக்காது, விட்ட மாதிரியும் இருக்காது. வெயிலைத் தேடி லண்டன் போறதுலயும் அர்த்தமில்லை, டிசம்பர்ல ரெண்டு ஊரிலும் நாலு மணிக்கு முன்னாடியே இருட்டு.

தேம்ஸ்கரை:
வாடகை விஷயத்துல எங்களுக்குள்ள சண்டை இல்லை. 2026 மே 1 முதல் புது வாடகைதாரர் சட்டப்படி ஒரு மாசத்துக்கு மேல முன்வாடகை வாங்க முடியாது. டெபாசிட்டுக்கு ஐந்து வார வாடகைங்கற உச்சவரம்பு 2019லேயே வந்தாச்சு. ஆனா வாடகைக்குப் பொறுப்பேற்க ஒரு கேரண்டர் (ஜாமீன்தாரர்) கேட்பாங்க. அதுக்காவது லண்டன் சொந்தக்காரங்க உதவட்டும். மனைவியோட விசாவையும் மறந்துடாதீங்க. அது ஸ்பான்சர் பண்ற இடத்தோட கட்டிப்போட்டது. போய்ப் பார்த்துட்டு மாறிக்கலாம்னா, வேறு டிரஸ்ட் (மருத்துவமனை நிர்வாகம்) புது ஸ்பான்சர்ஷிப் கொடுத்து, அவங்களும் புது விசா விண்ணப்பம் போட்டு வாங்கணும். கடைசியா ஒண்ணு: டூட்டிங்கில் வெள்ளி, சனி ராத்திரி முழுக்க டியூப் (பாதாள ரயில்) ஓடும். மான்செஸ்டர்ல நைட் ஷிப்ட் முடிச்சு எப்படி வீடு திரும்புவாங்களாம்?

வெம்பிளி அண்ணை:
நைட் ஷிப்ட் முடியிறது விடிய எட்டு மணிக்கு, தம்பி. அந்த நேரம் மான்செஸ்டரிலயும் ட்ராம் ஓடும்.