பிரிட்டரிசத்துக்குத் தமிழில் என்ன சொல்?

பரந்தனிலிருந்து, போதகர்:

அன்பின் எல்லோருக்கும்,

வேதாகமத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தைப் படிக்கும் வகுப்புக்கான சொற்பட்டியலில் நான்கு இடம் இன்னும் வெறுமையாய்க் கிடக்கிறது. கடைசிக்காலத் தீர்க்கதரிசனம் எப்போது நிறைவேறுகிறது என்ற கேள்விக்கு நான்கு விடை உண்டு. கி.பி. 70இல் ரோமத் தளபதி தீத்துவின் படை எருசலேம் ஆலயத்தை எரித்ததோடு பெரும்பகுதி நடந்து முடிந்தது என்பது பிரிட்டரிசம். சபையின் வரலாறு நெடுகப் படிப்படியாக நடந்து வருகிறது என்பது ஹிஸ்டோரிசிசம். இனித்தான் நடக்கும் என்பது பியூச்சரிசம். எந்த ஒரு சம்பவத்தோடும் கட்டாமல், எல்லாக் காலத்துக்கும் உரிய போராட்டத்தின் படமாக வாசிப்பது ஐடியலிசம்.

இந்தப் பக்கத்தில் பிரசங்கம் கேட்கிற பலருக்கு மூன்றாவது மட்டும்தான் தெரியும். இரகசிய வருகை, ஏழு வருட உபத்திரவம், அந்திக்கிறிஸ்து, ஆயிரவருட அரசாட்சி என்ற அந்த வரிசை 19ஆம் நூற்றாண்டில் டார்பி என்ற போதகர் ஒழுங்குபடுத்தியது. 1909இல் வெளிவந்த ஸ்கோஃபீல்ட் வேதாகமத்தின் அடிக்குறிப்புகளால் பரவியது. அதற்குப் பெயர் இல்லாதபடியால் சனம் அதை ஒரு விளக்கம் என்று நினைப்பதில்லை, வசனமே அப்படித்தான் சொல்லுகிறது என்று நினைக்கிறது. அதனால்தான் நான்குக்கும் பெயர் வேண்டும் என்று நிற்கிறேன்.

என் பரிந்துரை: இறந்தகாலவாதம், வரலாற்றுவாதம், எதிர்காலவாதம், இலட்சியவாதம். பிழை இருந்தால் சொல்லுங்கள்.

மாங்குளத்திலிருந்து, தமிழ் ஆசிரியை:

வணக்கம் பாஸ்ரர்,

நான்கில் மூன்று சரிவராது. இலக்கணப் பாடத்தில் ‘இறந்தகாலம்’ சரி. ஆனால் முல்லைத்தீவில் ஒரு சபையில் ‘இறந்த’ என்று தொடங்கினால் காலம் நினைவுக்கு வராது, ஆக்கள்தான் நினைவுக்கு வருவார்கள். அந்தச் சொல்லை அங்கே கொண்டுபோக வேண்டாம். ‘இலட்சியவாதி’ என்றால் உயர்ந்த கொள்கைக்காக நிற்கிறவர். அடையாளமாக வாசிக்கிறவர் என்று ஒருவருக்கும் விளங்காது. ‘வரலாறு’ நான்கு பேருக்கும் பொது, அதிலும் பிரிட்டரிசம் சொல்லுகிறவர்தான் அதிகம் வரலாறு கதைக்கிறார்.

பிரிட்டரிசத்துக்கு ‘முன்னிறைவேற்றம்’ என்றும் ஒருவர் முன்பு எழுதியிருந்தார். ‘முன்’ இரண்டு பக்கமும் வெட்டும். ‘முன்னொரு காலம்’ கடந்தது. ‘முன்னறிவிப்பு’ வரப்போவதைச் சொல்வது. தீர்க்கதரிசனத்தைப் பற்றிய சொல்லில் அந்தக் குழப்பம் வரவே கூடாது.

‘நிறைவேறிய கொள்கை’ சுருக்கமாக இருந்தாலும் சரிவராது. பெயரெச்சம் பக்கத்துப் பெயரைப் பிடிக்கும். கொள்கைதான் நிறைவேறியது என்றாகிவிடும்.

ஆகவே ‘மை’ விகுதியைப் பார்ப்போம். ‘இடம்பெற்றமை’, ‘இடம்பெறவுள்ளமை’ என்று எங்கள் பத்திரிகைகள் நாளும் எழுதுகின்றன, கண்ணுக்குப் பழகியது. செயலையும் காலத்தையும் சேர்த்து ஒரே பெயராக்கும். பிரிட்டரிசத்துக்கு நிறைவேறியமை நோக்கு, பியூச்சரிசத்துக்கு நிறைவேறவுள்ளமை நோக்கு. இடையில் உள்ள ஹிஸ்டோரிசிசத்துக்கு ‘நிறைவேறிவருகை நோக்கு’ என்று போடலாம்.

அடம்பனிலிருந்து, மறைக்கல்வி ஆசிரியர்:

ரீச்சர், ‘நிறைவேறியமை’ எனக்குப் பிடித்திருக்கிறது. கத்தோலிக்கருக்கு அது யோவான் 19:30ஐ நினைவூட்டும். திருவிவிலியத்தில் சிலுவையில் இயேசு சொல்வது ‘எல்லாம் நிறைவேறிற்று’. பழைய மொழிபெயர்ப்பில் அது ‘முடிந்தது’. ‘முடிந்தமை’ என்று போட்டிருந்தால் உலகமே முடிந்தது போலக் கேட்கும்.

ஆனால் ‘நிறைவேறிவருகை’ வேண்டாம். இந்தத் துறையில் ‘வருகை’ கிறிஸ்துவின் வருகைக்கென்றே ஒதுக்கப்பட்ட சொல். ‘நிறைவேறிவரல்’ என்று எழுதுவோம்.

இன்னொன்று, இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பிரிட்டரிசம் இரண்டு வகை. இரண்டையும் ஒரே பெயரில் அச்சிடக்கூடாது. இயேசு ஆலயத்தின் அழிவை முன்னறிவிக்கும் மத்தேயு 24இன் பெரும்பகுதி 70இல் நிறைவேறியது, கிறிஸ்துவின் வருகையும் உயிர்த்தெழுதலும் இனி என்பது ஒன்று. அதை விசுவாசப் பிரமாணத்தை அறிக்கையிடும் எவரும் ஏற்கலாம். வருகையும் உயிர்த்தெழுதலும்கூட 70இலேயே முடிந்தன என்பது மற்றது. அது பிரமாணத்தை உடைக்கிறது. ‘உயிர்த்தெழுதல் நடந்தாயிற்று’ என்று சொன்ன இமெநேயையும் பிலேத்தையும் 2 தீமோத்தேயு 2 பெயர் சொல்லிக் கண்டிக்கிறது. எனவே ‘பகுதி நிறைவேறியமை’, ‘முழு நிறைவேறியமை’ என்று இரண்டு பதிவு வேண்டும்.

வகுப்பில் இதை விளக்க மத்தேயு 24:34 போதும். பழைய மொழிபெயர்ப்பில் ‘இந்தச் சந்ததி ஒழிந்துபோகாது’. எங்கள் பேச்சில் சந்ததி என்றால் பிள்ளை, பேரப்பிள்ளை, வம்சம். ஆகவே யூதகுலம் அழியாது என்று வாசித்துவிட்டு எல்லாவற்றையும் எதிர்காலத்துக்குத் தள்ளுவது எளிது. கிரேக்கத்தில் அந்த இடத்தில் இருப்பது ‘கெனெயா’. அதே சொல்லை அதே மொழிபெயர்ப்பு மத்தேயு 1:17இல் ‘தலைமுறை’ என்கிறது. திருவிவிலியம் 24:34இலும் ‘தலைமுறை’ என்றே போடுகிறது. சிலுவை மரணம் ஏறத்தாழ 30, ஆலயம் விழுந்தது 70. நாற்பது வருடம், ஒரு தலைமுறை. ஒரு சொல்லின் தெரிவு வாசகரை எந்தப் பக்கம் சாய்க்கிறது என்பதை இந்த இரண்டு வசனத்தையும் பக்கத்தில் வைத்தால் காட்டலாம்.

அதே அதிகாரத்தில் 20ஆம் வசனம்: ‘நீங்கள் ஓடிப்போவது மாரிகாலத்திலாவது, ஓய்வுநாளிலாவது, சம்பவியாதபடிக்கு வேண்டிக்கொள்ளுங்கள்.’ யூதேயாவிலும் மழை மாரியில்தான். வறண்டு கிடந்த பள்ளமெல்லாம் வெள்ளம் ஓடும், யோர்தானைக் கடப்பது கடினம். கிறிஸ்தவர்கள் யோர்தானுக்கு அப்பால் பெல்லாவுக்குப் போனார்கள் என்று பழைய சபை வரலாற்றாசிரியர் யூசேபியு எழுதுகிறார். கனகராயன் ஆறு பெருகி, குளங்கள் வான்பாயும் நாளில் கைக்குழந்தையோடு வெளிக்கிடுவது என்னவென்று வன்னியில் விளக்கத் தேவையில்லை. உலகமே முடிகிறதென்றால் மலைக்கு ஓடி என்ன பயன்? ஓடச் சொல்வதே அது ஓர் ஊருக்கு, ஒரு காலத்துக்குக் கொடுத்த எச்சரிக்கை என்று காட்டுகிறது. பகுதி நிறைவேறியமையின் பலமான சான்று இதுதான் என்பது என் எண்ணம்.

பரந்தனிலிருந்து, போதகர்:

மாஸ்ரர், இரண்டு பதிவும் போடுவோம். பலவீனத்தையும் சேர்த்தே எழுதவேண்டும். வெளிப்படுத்தலை எருசலேமின் அழிவோடு கட்டுகிறவர்கள் அந்தப் புத்தகம் 70க்கு முன் எழுதப்பட்டது என்று நிறுவவேண்டும். இரண்டாம் நூற்றாண்டு ஆயர் இரனேயு அதை ரோமப் பேரரசன் தொமித்தியன் ஆட்சியின் முடிவில், ஏறத்தாழ 95இல் வைக்கிறார்.

வெளிப்படுத்தலில் வரும் மிருகத்தின் எண் 666 ரோமப் பேரரசன் நெரோவைக் குறிக்கிறது என்று அவர்கள் சொல்வதற்கும் அப்படித்தான். ‘நெரோன் கேசர்’ என்பதை எண்மதிப்புள்ள எபிரெய எழுத்துகளில் எழுதினால் நூன் 50, ரேஷ் 200, வாவ் 6, நூன் 50, கோஃப் 100, சாமெக் 60, ரேஷ் 200, கூட்டினால் 666. கடைசி நூன் இல்லாமல் ‘நெரோ’ என்றால் 616. சில பழைய பிரதிகளில் அந்த எண்ணே இருக்கிறது. ஆனால் கேசர் என்பதை யோத் என்ற எழுத்தையும் சேர்த்து எழுதுவது வழக்கம். சேர்த்தால் 10 கூடி 676 ஆகும். வகுப்பில் யாராவது கூட்டிப்பார்த்து மாறி வந்தால் காரணம் இதுதான்.

நிறைவேறிவரலுக்கு எண்கணக்கே அடிப்படை: தீர்க்கதரிசனத்தில் ஒரு நாள் ஒரு வருடம், வெளிப்படுத்தலின் 42 மாதம் 1260 நாள், ஆகவே 1260 வருடம். இடறுவது தொடக்க வருடத்தில்தான். அமெரிக்கப் போதகர் மில்லர் தானியேல் 8:14இன் 2300 நாளை வருடமாக்கி, கி.மு. 457இலிருந்து எண்ணி, கிறிஸ்துவின் வருகை 1843 அளவில் என்று முதலில் சொன்னார். கி.மு. 1க்கு அடுத்தது கி.பி. 1, நடுவில் சுழிய வருடம் இல்லை என்பது பிறகுதான் பிடிபட்டது. 1844 ஒக்டோபர் 22க்கு மாற்றினார்கள். அந்த நாளும் கடந்துபோனது.

ஒரு தகவல், எங்கள் சபைகளுக்காக: எதிர்கால நோக்கை 1590 அளவில் விரித்து எழுதிய ரிபேராவும், நிறைவேறியமை நோக்கை முறைப்படுத்திய அல்காசாரும் (நூல் 1614இல் வந்தது) இருவருமே இயேசுசபைத் துறவிகள். இது கத்தோலிக்கப் பார்வை, அது எங்கள் பார்வை என்று பிரிப்பதற்கு இடமில்லை.

ஐடியலிசம் மட்டும் மீதி. ரீச்சர்?

மாங்குளத்திலிருந்து, தமிழ் ஆசிரியை:

அதற்குத் தமிழில் ஏற்கெனவே ஓர் உருவம் இருக்கிறது: வினைத்தொகை. ஊறுகாய் ஊறிய காய், ஊறுகிற காய், ஊறும் காய்; மூன்று காலமும் அடங்கும், ஒன்றும் வெளியே தெரியாது. ஐடியலிசம் சொல்வதும் அதைத்தான். எனவே ‘நிறைவேறு நோக்கு’.

வாயால் சொல்லும்போது ‘நிறைவேறு’ ஏவல் போலக் கேட்கும் என்பது உண்மை. அச்சில் பிரச்சினை இல்லை. வகுப்பில் ‘எக்காலமும் நிறைவேறு நோக்கு’ என்று ஒருக்கா நீட்டிச் சொன்னால் போதும்.

‘நோக்கு’ என்பதை மாற்றவேண்டாம். ‘கொள்கை’ என்று போட்டால் ‘நிறைவேறியமைக் கொள்கை’ என்பதில் க் வரும், ‘நிறைவேறு கொள்கை’ வினைத்தொகை, அதில் க் வராது. அச்சில் ஒவ்வொரு முறையும் ஒன்று பிழைக்கும். நகரத்துக்கு முன் அந்தச் சிக்கல் இல்லை.

பட்டியலில் இப்படிப் போடுங்கள்: நிறைவேறியமை நோக்கு (பகுதி, முழு எனத் தனித்தனியே), நிறைவேறிவரல் நோக்கு, நிறைவேறவுள்ளமை நோக்கு, நிறைவேறு நோக்கு. பக்கத்தில் பிரிட்டரிசம் முதலிய ஒலிபெயர்ப்பும் இருக்கட்டும். வேறு நூல்களில் தேடுகிறவர்களுக்கு அது வேண்டும். ‘ஆயிரவருட அரசாட்சி’க்கு முன்னே, பின்னே என்று வருகையை வைக்கும் சொற்களிலும் அந்த ‘முன்’ மறுபடி தலைகாட்டும். அதைத் தனி இழையில் தொடங்குங்கள் பாஸ்ரர்.