டெல் மாரில் பேடில்போர்டு: சுறா பயம் நியாயமா, வீண் பயமா?

மிராமேசாவாசி

மகளுக்கு 12 வயது. சான் டியாகோவின் மிஷன் பே உள்ளே, அலையே இல்லாத தண்ணீரில், பேடில்போர்டில் விழாமல் நின்று துடுப்புப் போடப் பழகிவிட்டாள். இப்போது திறந்த கடலுக்குப் போக வேண்டுமாம். அவள் தோழி வீட்டில் எல்லோரும் டெல் மார் கடற்கரைக்குப் போகிறார்கள், கூப்பிடுகிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை.

காரணம் இதுதான். லாங் பீச்சில் இருக்கும் கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் சுறா ஆய்வகம் 2023-இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. தெற்கு கலிபோர்னியாவின் 26 கடற்கரைகளுக்கு மேல் சுமார் 2 வருடம் ட்ரோன் பறக்கவிட்டிருக்கிறார்கள். வெள்ளைச் சுறாக் குட்டிகள் கூட்டமாகத் தங்கும் இடங்கள் இரண்டு: ஒன்று சாண்டா பார்பரா பக்கம், இன்னொன்று நம் சான் டியாகோ மாவட்டத்தில். அந்த இடங்களில் பார்த்த நாட்களில் 97 சதவீத நாட்கள் மனிதர்களும் சுறாக்களும் ஒரே தண்ணீரில் இருந்திருக்கிறார்கள். சுறாக்கள் அலை உடையும் இடத்தை ஒட்டியே திரிவதால், சர்ஃபிங் செய்கிறவர்களும் பேடில்போர்டுக்காரர்களும்தான் அவற்றுக்கு மிகப் பக்கத்தில்.

இதைப் படித்த பிறகும் பிள்ளைகளை அனுப்புகிறவர்கள் என்ன நினைத்து அனுப்புகிறீர்கள்? ‘மின்னல் விழுந்து சாகிறவர்கள் அதைவிட அதிகம்’ என்ற பதில் வேண்டாம். அதை வீட்டிலேயே கேட்டாயிற்று.

துடுப்புக்காரன்

அக்கா, நீங்கள் பயப்படக் காரணமாகச் சொன்ன அதே 97 சதவீதம்தான் நான் பயப்படாமல் இருப்பதற்குக் காரணம். அத்தனை நாட்கள் அத்தனை பேருக்குப் பக்கத்தில் சுற்றியும் கடி என்பது அபூர்வத்திலும் அபூர்வம் என்றால், அவை நம்மைத் தேடி வரவில்லை என்றுதானே அர்த்தம்? ட்ரோன் வீடியோக்களைப் பாருங்கள். பலகைக்கு அடியில் சுறா போகிறது, மேலே இருப்பவருக்குத் தெரியவே இல்லை, சுறாவும் திரும்பிப் பார்க்கவில்லை.

2017 மே மாதம் டேனா பாயின்ட்டில் நடந்தது ஞாபகம் இருக்கிறதா? ஆரஞ்சு மாவட்ட ஷெரிஃப் ஹெலிகாப்டரில் வந்து, ‘உங்களைச் சுற்றிக் கிட்டத்தட்ட 15 வெள்ளைச் சுறாக்கள் இருக்கின்றன, அமைதியாகக் கரையேறுங்கள்’ என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். கீழே பேடில்போர்டில் இருந்த ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஹெலிகாப்டர் சத்தத்தில்தான் பாதி பேர் விழுந்திருப்பார்கள்.

புள்ளிவிவரப்புலி

துடுப்புக்காரன், உங்கள் வாதத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. அந்த ட்ரோன் ஆய்வு பார்த்தது குட்டிகளையும் இளசுகளையும். ‘குட்டி கடிக்கவில்லை’ என்பதிலிருந்து ‘அந்தக் கடலில் சுறா கடிக்காது’ என்பதற்கு ஒரே தாவாகத் தாவிவிட்டீர்கள்.

டெல் மாரை ஒட்டி வடக்கே இருக்கும் சோலானா பீச்சில் 2008 ஏப்ரலில், குழுவாக நீந்திக்கொண்டிருந்தவர்களில் 66 வயதுக்காரர் ஒருவரைப் பெரிய வெள்ளைச் சுறா கடித்து அவர் இறந்தார். கரையிலிருந்து சில நூறு அடிதான். டெல் மாரிலேயே 2022 நவம்பரில் ஒருவர், 2024 ஜூனில் இன்னொருவர் கடிபட்டார்கள். இருவரும் பிழைத்தார்கள். 2024-இல் கடற்கரையையே இரண்டு நாள் நீந்துவதற்கு மூடினார்கள். என்சினிடாஸில் 2018 செப்டம்பரில், லாப்ஸ்டர் பிடிக்கும் பருவம் தொடங்கிய முதல் நாள் காலையில் 13 வயதுப் பையன் ஒருவன் கடிபட்டான். மிராமேசாவாசி சொல்லும் கடலோரம் இதுதான்.

‘பல லட்சத்தில் ஒன்று’ என்று சொல்கிறவர்கள் எதை எதால் வகுக்கிறார்கள் என்று பாருங்கள். நாட்டின் மொத்த மக்கள்தொகையால்! நெப்ராஸ்காவில் மாட்டுப்பண்ணை வைத்திருப்பவருக்கும் சேர்த்துக் கணக்கு. டெல் மார் அலையில் காலையில் பேடில்போர்டு ஓட்டுகிறவர்கள் எத்தனை பேர், எத்தனை மணி நேரம் என்று யாரும் எண்ணி வைக்கவில்லை. எண்ணாத ஒன்றால் எப்படி வகுப்பீர்கள்?

துடுப்புக்காரன்

புலி சார், நீங்கள் அடுக்கிய எல்லாமே நீந்தியவர்களும் முக்குளித்தவர்களும். ஒருவர்கூடப் பலகை மேல் நிற்கவில்லை. பலகை மேல் நின்று, தண்ணீரில் கைகாலே படாத ஒருவரையும், கைகால் அடித்து நீந்துகிறவரையும் ஒரே கணக்கில் எழுதலாமா?

நெய்தல்

இரண்டு பேரும் ‘சுறா’ என்ற ஒரே பெயரில் வேறு வேறு விலங்குகளைப் பற்றிப் பேசுகிறீர்கள்.

வெள்ளைச் சுறா பிறக்கும்போதே 4, 5 அடி இருக்கும். சுமார் 10 அடி வளரும் வரை அதன் சாப்பாடு பெரும்பாலும் திருக்கை, மீன், சிறு சுறா. அதனால்தான் வெதுவெதுப்பான ஆழமில்லாத தண்ணீரில், திருக்கை நிறைந்த மணல் கரையோரமாகவே கிடக்கின்றன. பெரிய சுறாக்களிடமிருந்து தப்பவும் அங்கே வசதி. அதற்கு மேல் வளர்ந்த பிறகுதான் சீல், கடல்சிங்கம் என்று பெரிய இரைக்கு மாறுகின்றன. பிறகு அவை அதிகமாக இருக்கும் இடங்களும் மாறிவிடும்: மத்திய கலிபோர்னியாவின் ஃபாரலோன் தீவுகள், ஆன்யோ நூவோ, மான்டரே பக்கம்.

துடுப்புக்காரன் சொன்ன ‘பலகை காப்பாற்றும்’ என்பதற்கு மான்டரே விரிகுடாவிலேயே பதில் இருக்கிறது. பசிஃபிக் குரோவ் ஊரில் லவ்வர்ஸ் பாயின்ட் என்ற கடற்கரை. 2022 ஜூனில் அங்கே நீந்திய ஒருவர் மோசமாகக் கடிபட்டார். அதே ஆண்டு ஆகஸ்டில் அதே இடத்தில், நாயைக் கூட்டிக்கொண்டு பேடில்போர்டில் போனவரின் பலகையைச் சுறா கடித்தது. மனிதரும் நாயும் தண்ணீரில் விழுந்தும் காயமில்லாமல் கரையேறினார்கள். பக்கத்திலேயே சீல்கள் குட்டி போடும் இடம் இருப்பதையும் சேர்த்துப் பாருங்கள். அங்கே நான் என் பிள்ளையைக் கூட்டிப்போக மாட்டேன். டெல் மாருக்குப் போவேன்.

புள்ளிவிவரப்புலி

நெய்தல், கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 2008-இல் சோலானா பீச்சுக்கு வந்த பெரிய சுறாவிடம் ‘உன் இடம் மான்டரே’ என்று யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. அடிக்கடி வராது என்பதை ஒப்புக்கொள்கிறேன். வரவே வராது என்பதைத்தான் எதிர்க்கிறேன்.

பலகை விஷயத்துக்கு இன்னொன்றும். 2023 டிசம்பரில் பஹாமாஸில் நசாவு நகருக்கு மேற்கே, பாஸ்டனிலிருந்து போன 44 வயதுப் பெண் ஒருவர் பேடில்போர்டில் போகும்போது சுறா தாக்கி இறந்தார். புதிதாகக் கல்யாணம் ஆனவர். கரையிலிருந்து ஒரு மைல்கூட இல்லை.

துடுப்புக்காரன்

பஹாமாஸையும் டெல் மாரையும் ஒன்றாக்காதீர்கள். அங்கே இருக்கும் இனங்கள் வேறு, வெதுவெதுப்பான கடல் வேறு. ஹவாய் என்றால் நானே வேறு மாதிரிப் பேசுவேன். அங்கே புலிச்சுறா. பெண் சுறாக்கள் குட்டி போடப் பெரிய தீவுகளின் பக்கம் வருகிற அக்டோபரை ஒட்டிக் கடிகள் கூடுகின்றன என்று அங்குள்ள பல்கலைக்கழகத்தின் 30 வருடக் கணக்கே சொல்கிறது. அக்டோபரில் அங்கே மாவி தீவுக்குப் போகிறவர் யோசிக்கட்டும். கேள்வி டெல் மாரைப் பற்றி.

சும்மாஒருவன்

சுறாப்புட்டு தின்று வளர்ந்த பரம்பரை, 5 அடிக் குட்டியைப் பார்த்து இப்படி நடுங்கலாமா! கோடையில் லா ஹோயா ஷோர்ஸ் போய்ப் பாருங்கள். முழங்கால் தண்ணீரில் சிறுத்தைச் சுறாக்கள் கூட்டம் கூட்டமாக வரும், குழந்தைகள் கண்ணாடி மாட்டிக்கொண்டு பக்கத்தில் மிதப்பார்கள். பல் வேறு, குணம் வேறு, யாரையும் ஒன்றும் செய்யாது. முதலில் அதைக் காட்டுங்கள். அம்மாவுக்குத்தான் காட்ட வேண்டும், மகளுக்கு அல்ல.

காற்றுவாக்கில்

இத்தனை பதிவுகள் ஓடிவிட்டன, காற்றைப் பற்றி ஒருவரும் பேசவில்லை!

மிஷன் பேயில் பழகிய பிள்ளை திறந்த கடலுக்குப் போனால் முதலில் சந்திக்கப் போவது சுறாவை அல்ல. கரையிலிருந்து கடல் பக்கம் வீசும் காற்றை. பேடில்போர்டில் நிற்கும் உடம்பே பாய்மரம் மாதிரி. அந்தக் காற்றில் தண்ணீர் கரையோரம் கண்ணாடி போல அமைதியாகத் தெரியும், ‘நல்ல நாள்’ என்று ஏமாந்து இறங்குவோம். 200 மீட்டர் போன பிறகு திரும்பிப் பார்த்தால் கரை விலகிக்கொண்டே போகும். 12 வயதுக் கைக்கு அதை எதிர்த்துத் துடுப்புப் போடும் பலம் இருக்காது. இலையுதிர் காலத்தில் சாண்டா ஆனா காற்று பாலைவனத்திலிருந்து கடலை நோக்கி இப்படித்தான் வீசும்.

அடுத்தது லீஷ், அதாவது காலையும் பலகையையும் சேர்க்கும் கயிறு. அது இல்லாமல் விழுந்தால், ஆள் நீந்திப் பிடிப்பதற்குள் காற்று பலகையைத் தள்ளிக்கொண்டு போய்விடும். அப்புறம் லைஃப் ஜாக்கெட். அலை உடையும் பகுதியையும் நீந்தும் பகுதியையும் தாண்டிவிட்டால் பேடில்போர்டும் ஒரு படகுதான் என்று அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2008-இலேயே சொல்லிவிட்டது. ஆளுக்கொரு ஜாக்கெட் பலகையில் இருக்க வேண்டும். 13 வயதுக்கு உட்பட்டவர்கள் அதைப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும், பலகையில் கட்டி வைத்தால் போதாது. ஒரு விசிலும் வேண்டும். பள்ளிக்கூட விசில் போதும்.

இந்த நாட்டில் வருடத்துக்கு 4,000 பேருக்கு மேல் நீரில் மூழ்கிச் சாகிறார்கள். 2024-இல் உலகம் முழுவதும் மனிதர்கள் சீண்டாமலே நடந்த சுறாக் கடிகள் 47, அதில் இறந்தவர்கள் 4 பேர். ஃப்ளோரிடாவிலிருந்து வருடாவருடம் வரும் பன்னாட்டுக் கணக்கு இது. எதற்கு எவ்வளவு நேரம் கவலைப்பட வேண்டும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

புள்ளிவிவரப்புலி

காற்று விஷயத்தில் நூறு சதவீதம் சரி. ஆனால் அந்தக் கடைசி வரி மறுபடியும் மின்னல் கதைதான். மூழ்குகிறவர்களில் நீச்சல்குளம், ஆறு, ஏரி, குளியல்தொட்டி எல்லாம் சேர்ந்திருக்கிறது. ஒரு ஆபத்து பெரியது என்பதால் இன்னொன்று இல்லாமல் போய்விடாது. காற்றைப் பார்த்துக் கரையில் நின்றுவிடலாம், ஜாக்கெட் போடலாம், கயிறு கட்டலாம். சுறாவுக்கு எதைக் கட்டுவது?

அந்த 47-ஐயும் அப்படியே நம்பிவிடாதீர்கள். முந்தைய வருடம் அது 69, இறந்தவர்கள் 10 பேர். ஒரு வருட எண்ணை எடுத்து யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் நிரூபிக்கலாம். இன்னொன்று: கலிபோர்னியாவில் 1994-இலிருந்து வெள்ளைச் சுறாவைப் பிடிக்கத் தடை, அதே காலத்தில் கரையோரச் செவுள்வலைக்கும் தடை வந்தது. சீல்களும் கடல்சிங்கங்களும் 1972-இலிருந்து பாதுகாப்பில் பெருகியிருக்கின்றன. சுறா நிலைமை தேறிவருகிறது, நல்லதுதான். ஆனால் என் மாமா ‘80-களில் நாங்கள் அதே கடலில்தானே குளித்தோம்’ என்று சொல்வது இன்றைய கடலுக்குப் பொருந்தாது.

மிராமேசாவாசி

சுறாவுக்கு எதைக் கட்டுவது என்றதும் கேட்கத் தோன்றியது. காலில் கட்டும் காந்தப் பட்டை ஒன்றை என் கணவர் வாங்கி வைத்திருக்கிறார். அது வேலை செய்யுமா?

நெய்தல்

நம்பி இறங்காதீர்கள். ஆஸ்திரேலியாவின் ஃப்ளிண்டர்ஸ் பல்கலைக்கழகக் குழு 2018-இல் இப்படி விற்கும் 5 பொருட்களை நிஜ வெள்ளைச் சுறாக்களிடமே சோதித்தது. காந்தம், வாசனை மெழுகு வகையறா எடுபடவில்லை. பலகையில் பொருத்தும் மின்புலக் கருவி ஒன்று மட்டும் நன்றாக வேலை செய்தது. அது இல்லாதபோது 96 சதவீதமாக இருந்த இரை பறிப்பு, அது இருந்தபோது 40 சதவீதமாகக் குறைந்தது. அதுவும் 40 தான், பூஜ்யம் இல்லை. இரை தொங்கவிட்டு இழுத்த சுறாக்களிடம் செய்த சோதனை என்பதையும் நினைவில் வையுங்கள்.

பணம் செலவழிப்பதென்றால் ரத்தப்போக்கை நிறுத்தும் டூர்னிக்கே பட்டை ஒன்று வாங்கி, இறுக்கிக் கட்டக் கற்றுக்கொள்ளுங்கள். கடிபட்டவர்கள் சாவது பெரும்பாலும் ரத்தம் போய்த்தான். அவசரத்துக்கு அந்த லீஷையே கட்டலாம்.

துடுப்புக்காரன்

அக்கா, நேராகச் சொல்கிறேன். கூட ஒரு பெரியவர் இன்னொரு பலகையில், காலை வேளை, காற்று குறைவு, சீலோ செத்த திமிங்கிலமோ மீன்கூட்டத்தின் மேல் பாயும் பறவைகளோ கண்ணில் படாத இடம். சுறாவைப் பார்த்தால் மண்டிபோட்டு உட்கார்ந்து, அடித்துக் கலக்காமல், அதைப் பார்த்தபடியே கரைக்கு வரச் சொல்லுங்கள். இதையெல்லாம் செய்தால் டெல் மாரில் எனக்குத் தயக்கமே இல்லை.

புள்ளிவிவரப்புலி

எனக்கு இருக்கிறது. நானும் நீங்களும் போவது நம் விருப்பம், தெரிந்தே ஏற்கும் ஆபத்து. 12 வயதுப் பிள்ளைக்காக அந்த முடிவை இன்னொருவர் எடுக்கிறார். நான் அனுமதிக்கும் அளவு அங்கே வேறு. அக்கா அனுப்பினால் தப்பு என்று சொல்லவில்லை. ‘ஆபத்தே இல்லை’ என்று சொல்லி அனுப்பினால்தான் தப்பு.

மிராமேசாவாசி

சரி. இந்தச் சனிக்கிழமை டெல் மார் இல்லை. லா ஹோயா ஷோர்ஸ், லைஃப்கார்டு கோபுரத்துக்கு எதிரே, ஜாக்கெட்டுடன், அப்பா பக்கத்துப் பலகையில். டெல் மாரை அவள் அரை மணி நேரம் காற்றை எதிர்த்துத் துடுப்புப் போட்டுக் காட்டிய பிறகு பேசலாம் என்று சொல்லிவிட்டேன். சுறா ஆய்வையும் படிக்கக் கொடுத்தேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள்.

காற்றுவாக்கில், லீஷ் கணுக்காலிலா, முழங்காலுக்குக் கீழேயா? கடையில் இரண்டும் வைத்திருக்கிறார்கள்.

காற்றுவாக்கில்

இரண்டும் சரிதான். முழங்காலுக்குக் கீழே கட்டினால் பலகையில் நடக்கும்போது மிதிபடாது. வெல்க்ரோவில் மணல் இல்லாமல் கழுவுங்கள், இழுத்துப் பார்த்துவிட்டு இறங்கச் சொல்லுங்கள்.

புள்ளிவிவரப்புலி

லா ஹோயா ஷோர்ஸில் காலைத் தேய்த்துத் தேய்த்து நடக்கச் சொல்லுங்கள். மணலுக்குள் திருக்கை இருக்கும். அது கொட்டுவதற்கான வாய்ப்பை யாரும் மறுக்க மாட்டார்கள், துடுப்புக்காரன் உட்பட.