குஜராத் பக்கம் போனவங்க அங்க பார்த்த ஆளுங்களப் பத்தி சொல்லுங்க

தூத்துக்குடிக்காரன்:
நானே ஆரம்பிக்கேன். எங்க குடும்பத்துக்கு ரெண்டு தலைமுறையா உப்பளம்தான் பொழப்பு. இந்தியாவுல விளையுற உப்புல நாலுல மூணு பங்குக்கு மேல குஜராத்துலதான், அடுத்ததுதான் நம்ம தமிழ்நாடு, இத சின்ன வயசுலருந்து கேட்டு கேட்டு அப்படி என்னதான் பண்ணுதாவன்னு பாத்துரணும்னு ஒரு வெறி. அகமதாபாத்ல வேலை பாக்குற மச்சான் மூலமா சின்ன ரண்ங்கற உப்புப் பாலைவனம் பக்கம், காரகோடாங்கற ஊரு தாண்டி உள்ள போனோம். சுமார் 5000 சதுர கிலோமீட்டர், ஒரு மரம் கிடையாது, ஒரு மேடு கிடையாது, டிராக்டர் தடம்தான் ரோடு. மழைக்காலத்துல முழுக்க தண்ணி நிக்கும், வத்துனதும் உப்பு விளைக்கிற அகரியா ஜனங்க குடும்பத்தோட உள்ள போயி குடிசை போட்டு, அடுத்த வெயில் காலம் வரைக்கும் அங்கயே கிடப்பாவ.

அங்க ஒரு பெரியவரு, அவரு சம்சாரம், ரெண்டு பேரப் பிள்ளைவ. எனக்கு குஜராத்தி தெரியாது, மச்சானுக்கு அரைகுறை, ஆனா பாத்திய பாத்ததும் ரெண்டு பேரும் தொழில்காரங்கன்னு புரிஞ்சு போச்சு, அப்பறம் கையாலயே பேச்சு ஓடிருச்சு. நாம இங்க சீசன்ல திரும்ப திரும்ப வாருவோம், பொடி உப்பு. அவரு சீசன் முடியுற வரைக்கும் வாரவே மாட்டாரு. தினமும் மரப்பல்லு வச்ச பலகையால பாத்திக்குள்ள இறங்கி கீறி விட்டுக்கிட்டே இருக்காரு, அப்பத்தான் கல்லு பெருசா விளையுமாம். ஒரு கல்ல எடுத்து கையில குடுத்தாரு, கற்கண்டு கணக்கா கண்ணாடியா இருக்கு. கடல் எங்கயோ இருக்கு, தண்ணி பூமிக்கடியிலருந்து எடுக்கறது. முன்னாடி டீசல் மோட்டார்தான், வியாபாரிட்ட சீசனுக்கு முன்ன வாங்குன அட்வான்ஸுல பெரும்பங்கு டீசலுக்கே போயிருமாம். இப்ப அரசு மானியத்துல சோலார் வந்த பிறகு கொஞ்சம் மூச்சு விடுதோம்னாரு.

விலையக் கேட்டேன். கிலோவுக்கு ஒரு ரூபா கூட அவரு கைக்கு வரல. நம்ம ஊரு கூலிக்காரங்க நிலைமையும் சொல்லிக்கிற மாதிரி இல்ல, ஆனா நமக்கு சாயங்காலம் வீட்டுக்குப் போயி குளிக்க தண்ணியாவது இருக்கு. அங்க டேங்கர் வந்தாத்தான் குடிக்கவே தண்ணி. பட்டாவும் கிடையாது, ரண்ணை யாரும் அளந்ததே இல்ல, சர்வே நம்பர் பூஜ்யம்னு சொல்லுதாவ, அதுக்கு மேல 1973லருந்து காட்டுக்கழுதை சரணாலயம் வேற, அதனால தலைமுறை தலைமுறையா உப்பு விளைச்சும் காயிதத்துல ஆளே இல்ல. பெரியவரு காலைப் பாத்தேன், பாதம் மரக்கட்டை. செத்து எரிச்சாலும் அகரியா காலு வேகாதுன்னு அங்க சொல்லுவாவளாம், அவரு அத சிரிச்சுக்கிட்டே சொன்னாரு, நமக்குத்தான் சிரிப்பு வரல. பேரப் பிள்ளைவளுக்கு, ஓடாத பழைய பஸ்ஸை கொண்டாந்து நிறுத்தி ஸ்கூல் நடக்கு, அது ஒண்ணு நல்லாருந்துச்சு.

எஞ்சின்ரூம்:
அண்ணே சூப்பர். நான் கப்பல்ல எஞ்சினியர், நான் குஜராத்துக்கு ரோட்டு வழியா போகல, கப்பலோடவே கரையேறுனவன் 😀 அலங். 1983ல ஆரம்பிச்ச கப்பல் உடைக்கிற யார்டு. ஏன் அங்க மட்டும் அவ்ளோ பெருசுன்னா காம்பாத் வளைகுடால கடல் ஏத்தத்துக்கும் வத்தத்துக்கும் பத்து மீட்டர் வரைக்கும் வித்தியாசம் வரும், அமாவாசை பௌர்ணமி ஒட்டி வர்ற பெரிய ஏத்தத்துல கப்பல ஃபுல் ஸ்பீடுல கொண்டுபோயி சேத்துல செருக வேண்டியதுதான், கிரேனும் வேணாம் டாக்கும் வேணாம். வாழ்க்கை முழுக்க தரை தட்டிடக் கூடாதுன்னு பயந்துட்டு, அன்னிக்கு வேணும்னே ஃபுல் அஹெட் குடுக்கறது இருக்கே, அது ஒரு மாதிரி. உள்ள எஞ்சின்ரூம்ல எங்களுக்கு ஒண்ணும் தெரியாது, ஒரு நீளமான அதிர்வு, அப்பறம் மேலருந்து ஸ்டாப் ஆர்டர், அவ்ளோதான். தண்ணி வத்துனதும் கயித்து ஏணில இறங்கி சேத்துல நடந்து வந்தோம்.

கரையில என்னைய கை புடிச்சு ஏத்தி விட்ட பையன் ஒடிசாக்காரன். அங்க வெட்டுற வேலை பாக்குறவங்க பாதிக்கு மேல உபி, பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட்தான். அவன் என்கிட்ட கேட்ட முதல் கேள்வி, கப்பல்ல ஃபோம் மெத்தை எத்தனை இருக்குன்னு! ஏன்னா யார்டுக்கு வர்ற ரோட்டு ஓரம் முழுக்க கப்பல் சாமான் கடை, மெத்தை, பீங்கான் தட்டு, ஃபிரிட்ஜ், லைஃப் ஜாக்கெட், ஜிம் சாமான், எல்லாம் எடை போட்டு இல்லன்னா பேரம் பேசி. இரும்பு உருக்காலைக்கு போகுது, மீதி ரோட்டுக்கு வருது, ஒரு ஸ்குரூ வீணாகாது. அந்த வேலையோட ஆபத்து பத்தி பெருசா பேசலாம், பையன் பேச விரும்பல, நானும் கிளறல.

ஈரோடு ஜவுளி:
நான் அஜ்ரக் துணி, அதாவது மர அச்சுல இயற்கைச் சாயம் அடிக்கற துணி, எடுக்க கட்ச் போனேனுங்க. புஜ் பக்கத்துல அஜ்ரக்பூர்னு ஒரு ஊரு, ஊரே புதுசுங்க, 2001 ஜனவரி 26 பூகம்பத்துக்கு அப்பறம் உருவானது. அதுக்கு முன்ன இந்த அச்சடிக்கற கத்ரி குடும்பங்க தமட்காங்கற ஊர்ல இருந்தாங்க, பூகம்பத்துக்குப் பின்ன அங்க தண்ணில இரும்பு ஜாஸ்தியாகி சாயம் கெட்டுப் போச்சுன்னு சொல்லி பாதிப் பேர் கிளம்பி வந்துட்டாங்களாமுங்க. சாயப்பட்டறை ஊர்லருந்து போன எனக்கு அது சுரீர்னு பட்டுது, நாம தண்ணியக் கெடுத்துப்புட்டு அங்கயே உக்காந்திருக்கோம். அங்க ஒரு அண்ணா கறுப்புச் சாயப் பீப்பாயத் தொறந்து காட்டுனாரு, துருப்புடிச்ச இரும்புத் துண்டும் வெல்லமும் போட்டு ஊற வச்சிருக்காங்க, நாத்தம் தாங்கல. நீலத்துக்கு அவுரி. அடிக்கறது, அலசறது, காயப் போடறது, மறுபடி அடிக்கறது, ஒரு புடவைக்கு வாரக்கணக்காகும். விலை கூடத்தான், பேரம் பேச மனசு வரலீங்க.

வைகைக்கரை:
நான் சௌராஷ்ட்ராக்காரன், மதுரை, மஹால் ஏரியா, எங்க முன்னோருங்க பல தலைமுறைக்கு முன்ன குஜராத் சௌராஷ்ட்ராலருந்து வந்தவங்க. 2023 ஏப்ரல்ல நடந்த சௌராஷ்ட்ரா தமிழ் சங்கமம்ங்கற அரசு விழாவுக்கு எங்க அம்மாவும் பெரியம்மாவும் ரயில்ல சோம்நாத் பக்கத்துல இருக்கற வேராவல் வரைக்கும் போயிட்டு வந்தாங்க. குஜராத் சாப்பாடுன்னா பருப்புல கூட இனிப்புன்னு எல்லாரும் பயமுறுத்தி, ஊறுகாய் பாட்டிலோட போனாங்க. காட்டியாவாட் பக்கம், அதான் அந்த சௌராஷ்ட்ரா பக்கம், அப்படி இல்லையாம், கம்பு ரொட்லா, சுட்ட கத்திரிக்கா மசியல், பூண்டு சட்னி, காரம் தலைக்கேறிருச்சாம். சோம்நாத்துல ஒரு அம்மா, எங்க பெரியம்மா கையப் புடிச்சிட்டு எப்ப திரும்பி வர்றீங்கன்னு கேட்டுருக்கு, என்னமோ போன வருஷம்தான் ஊரவிட்டுப் போன மாதிரி. ஊறுகாய் பாட்டில் அவங்களுக்கே குடுத்தாச்சு.

எஞ்சின்ரூம்:
தூத்துக்குடி அண்ணே, ரண்ணுக்கு எப்ப போறது நல்லது? பசங்களக் கூட்டிட்டு.

தூத்துக்குடிக்காரன்:
டிசம்பர்லருந்து மார்ச்சுக்குள்ள போங்க தம்பி. உப்பு குவிச்சுக் கிடக்கிறத பாக்கணும்னா மார்ச் கடைசி. காலம் தப்புன மழை பெஞ்சாலோ, கால்வாய்த் தண்ணி உள்ள வந்தாலோ பாத்தி கரைஞ்சிரும், டிராக்டரும் போகாது, அதனால உள்ளூர் ஆளுட்ட கேட்டுட்டுக் கிளம்புங்க. குடிதண்ணி கேன் உங்களுக்குப் போக ரெண்டு கூட எடுத்துட்டுப் போங்க, குடிசையில குடுத்துட்டு வரலாம். மழைக்காலத்துல அதே இடத்துல இறால் புடிக்காவளாம், அத பாக்க எனக்கும் ஆசைதான்.