குமிழி நின்றால் முடிந்ததா? வீட்டு ஒயின், சைடர் அனுபவங்கள்

செய்முறை கேட்டால் ஆளுக்கு ஒன்று கொடுத்துவிடுகிறோம். ஜாடிக்குள் நாம் நினைக்காதது நடந்தால் என்ன செய்வது என்பதைத்தான் யாரும் எழுதுவதில்லை. அதற்காகவே இந்த இழை. முதல் போணி என்னுடையது.

ஆப்பிள் சைடர், அதாவது நொதிக்க வைத்த ஆப்பிள் சாறு. ஹைட்ரோமீட்டரில் (அடர்த்தியை அளக்கும் மிதவை; தண்ணீருக்கு 1.000, சர்க்கரை கூடினால் எண் ஏறும்) 1.050 காட்டிய சாறு. ஈஸ்ட் போட்ட மறுநாளே ஏர்லாக்கில் (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத அடைப்பு) குமிழி நிற்காமல் ஓடியது. இரண்டொரு நாளில் அழுகிய முட்டை நாற்றம். வீட்டில் கழிவுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டது என்று குளியலறையைக் குடைய ஆரம்பித்துவிட்டார்கள். விஷயம் வேறு: ஈஸ்ட் பட்டினி கிடந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு விடும். ஆப்பிள் சாற்றில் அதற்கு வேண்டிய நைட்ரஜன் பெரும்பாலும் குறைவு. ஈஸ்ட் ஊட்டச்சத்துப் பொடி சேர்த்தேன். அதை நேரே தூவக் கூடாது. சாற்றில் கரைந்திருக்கும் வாயு துகள்களைப் பிடித்துக்கொண்டு பொங்கி, நுரை தரைவரை வந்துவிடும். கொஞ்சம் தண்ணீரில் கரைத்து ஊற்றினேன். மறுநாளே நாற்றம் குறைந்தது. வண்டலை விட்டுப் பிரித்தபோது சுத்தமாக ஆப்பிள் வாசனை. ஆனால் இந்த வைத்தியம் நொதித்தலின் முதல் பாதியில்தான் பலிக்கும். கடைசியில் போட்டால் ஈஸ்ட் அதை எடுத்துக்கொள்ளாது.

* * *

என் பங்குக்கு ஒன்று. நண்பர் ஒருவர் ஜாடியைத் தூக்கிக்கொண்டே வந்துவிட்டார். ஈஸ்ட் பாக்கெட்டை மாற்றிப் போட்டும் ஒரு அசைவு இல்லையாம். "சாறு டப்பா இருக்கா?" என்று கேட்டேன். லேபிளின் அடியில் பொடி எழுத்தில் பொட்டாசியம் சார்பேட். அது ஈஸ்ட்டை உடனே கொல்லாது, பெருக விடாது, அவ்வளவுதான். பெருகாத ஈஸ்ட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பாஸ்ச்சரைஸ் செய்த சாறு என்றால் பயமில்லை, வைட்டமின் சி சேர்த்திருந்தாலும் பயமில்லை. சார்பேட், பென்சோயேட் என்ற இரண்டு பெயர்களைப் பார்த்தால் அப்படியே குடித்துவிடுங்கள், ஒயினுக்கு வேண்டாம்.

* * *

மேலே இருவரும் குமிழியைப் பற்றிச் சொன்னதால் எழுதுகிறேன். ஏர்லாக்கைப் பார்த்து முடிவெடுப்பவர்களைக் கண்டால் எனக்கு உதறல் எடுக்கும். மூடியில் மயிரிழை இடைவெளி இருந்தால் போதும், வாயு அந்த வழியே போய்விடும். ஏர்லாக் அசையாது, உள்ளே நொதித்தல் ஜோராக நடந்துகொண்டிருக்கும். தலைகீழாகவும் நடக்கும்: எல்லாம் முடிந்து 0.998-இல் நிற்கிற ஒயின், அறை சூடேறிய நாளில் கரைந்திருந்த கார்பன் டை ஆக்சைடை விட்டுக் குமிழி காட்டும்.

எங்கள் குழுவில் ஒருவருடைய சைடர் பார்வைக்குப் பளிங்காக இருந்தது, சலனமே இல்லை. அளந்தால் 1.010. அது 1.000-க்கு இறங்க வேண்டியது என்றால், லிட்டருக்குச் சுமார் 20 கிராம் சர்க்கரை இன்னும் மிச்சம். பாட்டிலில் ஒரு மடங்கு வாயு (ஒரு லிட்டர் சைடரில் ஒரு லிட்டர் கார்பன் டை ஆக்சைடு) ஏற லிட்டருக்குச் சுமார் 4 கிராம் போதும். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். ஷாம்பெய்ன் பாட்டிலே வெளிக்காற்றைப் போல ஏறக்குறைய 6 மடங்கு அழுத்தத்தைத் தாங்கத்தான் தடிமனாக வார்க்கப்படுகிறது. சாதாரண ஒயின் பாட்டில் இதற்காகச் செய்ததே இல்லை, கண்ணாடி தெறிக்கும்.

அளக்கும்போது ஒரு சின்ன விஷயம். ஹைட்ரோமீட்டரின் தண்டில் முத்து முத்தாகக் குமிழி ஒட்டிக்கொண்டு அதை மேலே தூக்கும், இல்லாத சர்க்கரையைக் காட்டும். விரலால் ஒரு சுழற்று சுழற்றிவிட்டு, நின்ற பிறகு படியுங்கள். சில நாள் இடைவெளி விட்டு மறுபடி அளந்தும் அதே எண் வந்தால் பாட்டிலைக் கையில் எடுக்கலாம். நுரைக்கும் சைடர் என்றால் ஒரு பிளாஸ்டிக் சோடா பாட்டிலையும் கூடவே நிரப்பி வைப்பேன். அழுத்திப் பார்த்தால் மற்ற பாட்டில்களின் நிலை தெரிந்துவிடும்.

* * *

அளவும் மாறவில்லை, சூடும் ஏறவில்லை, ஆனாலும் குமிழி வந்தால்? எனக்கு அது நேர்ந்தது. மாதக்கணக்கில் அடங்கிக் கிடந்த சைடர், குளிர் விலகிய பருவத்தில் மெல்ல மூச்சுவிட ஆரம்பித்தது. அளந்தால் 1.000-இலேயே நிற்கிறது. ஈஸ்ட்டின் வேலை இல்லை, லாக்டிக் பாக்டீரியாவின் வேலை. ஆப்பிளின் மாலிக் அமிலத்தை லாக்டிக் அமிலமாக மாற்றி, கூடவே கொஞ்சம் வாயுவையும் விடும். பல்லைக் கூசவைத்த புளிப்பு நன்றாகவே மழுங்கியது. நான் தடுக்கவில்லை, தடுத்திருந்தால் முட்டாள்தனம்.

ஆனால் இதே பாக்டீரியா கெடுத்த ஒயினையும் ருசித்திருக்கிறேன். இனிப்புக் கூட்டிய பிறகு மறுபடி நொதிக்காமல் இருக்க சார்பேட் மட்டும் போட்டிருந்தார்கள், பாக்டீரியாவை அடக்கும் சல்ஃபைட் இல்லை. பாக்டீரியாவை சார்பேட் நிறுத்தாது, அதையே தின்றுவிடும். கோப்பையை மூக்குக்குக் கொண்டுபோனால் ஜெரேனியம் இலையைக் கசக்கிய வாடை. அதற்கு மாற்று மருந்தே இல்லை, கொட்டத்தான் வேண்டும். சார்பேட் போட்டால் காம்ப்டன் (சல்ஃபைட்) மாத்திரையும் சேர்த்தே போடுங்கள்.

* * *

அப்பாடா, எல்லாரும் வேதியியல் வகுப்பே எடுத்துவிட்டீர்கள். நான் ஸ்ட்ராபெர்ரி போட்டேன். சிவப்பு வந்தது, இருந்தது, போய்விட்டது. இப்போது வெங்காயத்தோல் நிறம். கலங்கலும் தெளியவில்லை, பழத்தைக் கொதிக்க வைத்துச் சாறு எடுத்ததால் பெக்டின் (ஜாமைக் கெட்டியாக்கும் பழப்பசை) இறங்கிவிட்டது என்கிறார்கள். ருசி அருமை. கண்ணை மூடிக்கொண்டு குடிக்கலாம். வீட்டில் "மெத்தனால், கண் போய்விடும்" என்று மிரட்டுகிறார்களே, அதற்கு என்ன சொல்வது? இன்னொன்று: எனக்கு இனிப்பும் வேண்டும், நுரையும் வேண்டும்.

* * *

இழையைத் தொடங்கியவன்தான். பெக்டினைக் கரைக்க என்சைம் பொடி உண்டு, நொதித்தலுக்கு முன்பே போட்டால் நன்றாக வேலை செய்யும். மெத்தனால் பழத்தின் பெக்டினிலிருந்து மிகச் சிறிதளவு வரும், சாதாரண ஒயினிலும் அது உண்டு. செய்திகளில் வரும் சாவுகளுக்குக் காரணம் பெரும்பாலும் தொழிற்சாலை மெத்தனால் கலந்த சாராயம். வீட்டில் காய்ச்சி வடிக்கிற வேலை மட்டும் வேண்டாம், அதை இங்கே யாரும் பேசவும் வேண்டாம். நொதிக்க வைப்பதற்கும் உங்கள் ஊர்ச் சட்டம் இடம் கொடுக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இனிப்பும் நுரையும் கேட்டீர்கள். சார்பேட் போட்டால் ஈஸ்ட் பாட்டிலில் நுரை ஏற்றாது, போடாமல் சர்க்கரையைக் கூட்டினால் பாட்டில் வெடிக்கும். எரித்ரிட்டால் போன்ற, ஈஸ்ட் தின்னாத இனிப்பை ருசிக்குப் போடுங்கள். நுரைக்கு லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரை, அழுத்தம் தாங்கும் பாட்டில். முழுதாக நொதித்து முடிந்த சைடருக்குத்தான் இந்தக் கணக்கு.