'டியர்செல்' என்ற சொல் எங்கிருந்து வந்தது? தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். ஐரோப்பாவில் வல்லூறு பழக்கி வேட்டையாடியவர்களின் சொற்களைக் கொஞ்ச நாளாகத் தேடிப் படித்து வருகிறேன். அதில் டியர்செல் என்ற ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

ஆண் வல்லூறுக்குத்தான் அந்தப் பெயர். ஃபால்கன் என்றாலே அவர்களுக்குப் பெண் பறவைதான், ஏனென்றால் பெரியதும் வலுவானதும் அதுதான். ஷேக்ஸ்பியரின் ரோமியோ ஜூலியட்டில்கூட, போய்விட்ட ரோமியோவைத் திரும்ப அழைக்க ஒரு வல்லூறுக்காரனின் குரல் வேண்டும் என்று ஏங்கும் ஜூலியட் அவனை 'டாசல் ஜென்டில்' என்கிறாள், அதுவும் இதே சொல்லின் இன்னொரு வடிவம்தான்.

'மூன்றாவது' என்ற பொருளுள்ள லத்தீன் 'டெர்டியஸ்' பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது, அதுவரை சரி. ஆனால் எது மூன்றாவது? ஆண் பறவை பெண்ணைவிட மூன்றில் ஒரு பங்கு சிறியது என்பதால் என்கிறார்கள் சிலர். கூட்டில் மூன்றாவது முட்டையில் ஆண்தான் பொரியும் என்ற பழைய நம்பிக்கை என்கிறார்கள் வேறு சிலர். பொரி வல்லூறு என்ற இனத்தில் ஆண் 600 கிராம் சொச்சம், பெண் பெரும்பாலும் 900 கிராமுக்கு மேல், அதனால் எனக்கு முதல் விளக்கம்தான் பொருத்தமாகப் படுகிறது, முட்டைக் கதை பிறகு ஒட்டவைத்ததுபோல் இருக்கிறது.

இடைக்கால லத்தீன், பிரெஞ்சு வேட்டை நூல்கள் படித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? இரண்டில் எது முதலில் எழுத்தில் வருகிறது என்று தெரிய வேண்டும். அப்புறம், உருதுவில் கோஷாக் என்ற இன்னொரு வேட்டைப் பறவையில் பெண்ணை 'பாஸ்', ஆணை 'ஜுர்ரா' என்பார்கள், அந்த ஜுர்ராவின் வேர் தெரிந்தாலும் சொல்லுங்கள். பக்கத்தின் படம் மட்டும் அனுப்பினாலும் போதும்.