பயணியின் கோப்பைப் பயணியே பார்க்கக் கூடாதா?

முகிலன்:
அமெரிக்காவுக்குப் பறக்கும் ஒவ்வொருவருடைய முன்பதிவு விவரமும் (பிஎன்ஆர்) அந்நாட்டு எல்லைப் பாதுகாப்புத் துறைக்குப் போகிறது. தொலைபேசி எண், பணம் கட்டிய விதம், கூட வருபவர் யார் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்துடன் 2012-இல் போட்ட ஒப்பந்தப்படி 15 ஆண்டு வரை வைத்திருக்கலாம். இவ்வளவும் என்னைப் பற்றியது. நான் கேட்டால் ஏன் முழுதாகக் காட்டக் கூடாது?

செந்தில்வேல்:
நீங்கள் கொடுத்த விவரத்தைத் தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ் கேட்டு வாங்கலாம், வெளிநாட்டவரும் கேட்கலாம். தராமல் வைத்திருப்பது, யாரைச் சந்தேகிப்பது என்று கணிக்கும் விதிகளைத்தான். 2001 செப்டம்பர் 11 அன்று விமானங்களைக் கடத்திய 19 பேரும் டிக்கெட் வாங்கிய பயணிகளாகத்தான் ஏறினார்கள். வலை எங்கே விரித்திருக்கிறது என்று சொல்லிவிட்டு மீன் பிடிக்க முடியுமா?

முகிலன்:
சரி, அந்த வலையில் தவறாகச் சிக்கியவர்? 2005 ஜனவரியில் ஸ்டான்ஃபோர்டில் முனைவர் பட்டம் படித்துக்கொண்டிருந்த மலேசியப் பெண் ஒருவரை, சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் மகள் கண்ணெதிரே கைவிலங்கு போட்டு அழைத்துப் போனார்கள். அவர் சக்கர நாற்காலி கேட்டிருந்தவர். காரணம், 2004-இல் எஃப்பிஐ அதிகாரி ஒருவர் ஒரு படிவத்தில் தவறான கட்டத்தில் குறியிட்டதால், விமானம் ஏற விடாத தடைப் பட்டியலில் அவர் பெயர் சேர்ந்துவிட்டது. தன் தவறு அந்த அதிகாரிக்கே 2013-இல், வழக்கு விசாரணையின்போதுதான் தெரிந்தது. 2014-இல் நீதிபதி வில்லியம் அல்சப் திருத்த உத்தரவிட்டார். படிவத்தை அன்றே காட்டியிருந்தால் ஒரு நாளில் முடிந்திருக்கும்.

செந்தில்வேல்:
அது கொடுமைதான், மறுக்கவில்லை. ஆனால் நீதிபதி பார்க்கட்டும், பயணி பார்க்க வேண்டியதில்லை. முறையிட 2007 முதல் தனி வழி இருக்கிறது. 2015-க்குப் பிறகு, தடைப் பட்டியலில் இருக்கிறாரா இல்லையா என்று அமெரிக்கக் குடிமக்களுக்கும் அங்கே நிரந்தரமாக வசிக்கும் உரிமை பெற்றவர்களுக்கும் சொல்கிறார்களே.

நிலா:
அவர்களுக்கு மட்டும்! என் அண்ணன் பெயர்க் குழப்பத்தால் ஒவ்வொரு பயணத்திலும் தனியாக நிறுத்தப்பட்டார். முறையிட்டதும் ஓர் எண் கொடுத்தார்கள். கடிதத்தில், பட்டியலில் இருக்கிறார் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. அப்புறம் எதைத் திருத்தச் சொல்லிக் கேட்பது?

முகிலன்:
அதேதான். விதி ரகசியமாக இருக்கட்டும், ஏற்கிறேன். என் பிறந்த தேதி சரியா, என் பெயரில் இருப்பது நானா என்பதில் என்ன ரகசியம்?

செந்தில்வேல்:
அந்த அளவுக்கு எனக்கும் சம்மதம். பட்டியலில் இருக்கிறாரா என்பதை எல்லோருக்கும் சொல்வதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.